நானூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோதண்டத்தைச் சோதிப்பதாக இருந்தது. தேறினால் அவர் வழக்கம்போல மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போகலாம். தேறாவிட்டால் அவருடைய மாதிரி போகும். அவர் போக வேண்டியதில்லை.

சுற்றறிக்கையில் அந்தக் கடைசி வரியை ஒரு சலுகையைப்போல எழுதியிருந்தார்கள்.

கோதண்டம் அதைக் குறை சொல்ல முடியாது. அந்த நடை அவருடையதுதான். கிண்டியில் இருக்கும் இணக்கச் சோதனை வாரியத்தில் பதினோரு வருடமாக அவர்தான் லிஃப்ட் பிரிவின் தலைமைச் சோதகர்.

நாம் ஒன்றைச் செய்தால் பதிலுக்கு எதையாவது செய்கிற எல்லா இயந்திரங்களும் அந்த வாரியத்துக்குக் கட்டுப்பட்டவை. லிஃப்ட், ரயில்வே கேட், சிக்னல் விளக்கு, காபி மெஷின். அவற்றின் உள்ளே ஓடுகிற மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முதலில் தாளில் வரைந்து கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் மாதிரி என்று பெயர். அதில் வட்டங்களும் அம்புகளும் இருக்கும். வட்டம் என்றால் இயந்திரம் இருக்கிற நிலை. அம்பு என்றால், அந்த நிலையில் நாம் ஒன்றைச் செய்தால் அது பதிலுக்கு என்ன செய்யலாம் என்பது. சோதகர் பொத்தானை அழுத்துவார். பார்ப்பார். வந்த பதில் மாதிரியில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் தவறு. பதில் நல்லதா கெட்டதா என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஒருமுறை ஒரு லிஃப்ட், மூச்சிரைக்க ஓடிவந்த கர்ப்பிணிப் பெண்ணுக்காகக் கதவை மூடாமல் காத்திருந்தது. மாதிரியில் காத்திருப்பதற்கு அம்பு இல்லை. கோதண்டம் தவறு என்று எழுதினார். லிஃப்டைச் செய்தவர் அழுதார். எவ்வளவு நேரம் அழுதார் என்பதையும் கோதண்டம் குறித்துக்கொண்டார். அந்த லிஃப்டை அப்புறம் எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை.

எட்டு வினாடி விதியும் அவர் போட்டதே. பொத்தானை அழுத்திய பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதைப் பற்றி அறிஞர்கள் மூன்று கருத்தரங்குகள் நடத்தினார்கள். மூன்றிலும் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. கடைசியில் கோதண்டம் எட்டு என்று எழுதிவிட்டார். எட்டு வினாடிக்குள் பதில் வராவிட்டால் மௌனம் என்று பதிவு செய்ய வேண்டும். மௌனமும் ஒரு பதில்தான். மாதிரி மௌனத்தை அனுமதித்தால் சரி, அனுமதிக்காவிட்டால் தவறு.

ஏன் எட்டு என்று யாரும் கேட்கவில்லை. எட்டுக்கு மேல் போனால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

முதலில் இயக்குநரை மட்டும் சோதித்தார்கள். போன வருடம்தான் மற்ற ஊழியர்களையும் சோதிப்பது என்று முடிவானது. ஊழியரை வீட்டில் அதிகம் பார்க்கிறவர் அவருடைய மாதிரியை எழுத வேண்டும். கோதண்டத்தை வீட்டில் பார்க்கிற ஆள் ஒருவர்தான். அவருடைய மனைவி தவமணி. அவள் ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டாள். மாத்திரை டப்பாவின் மூடியை வைத்து வட்டம் வரைந்தாள். இரண்டு மாதம் எழுதினாள். சில நாள் அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் ஓர் அம்பை அழித்துவிட்டு வருவாள். முடித்தபோது நானூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள் இருந்தன. வாரியத்தின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய மாதிரி.

கோதண்டம் அதன் கடைசிப் பக்கத்தில் ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவர் ஒரு மாதிரியையும் கையெழுத்துக்கு முன்னால் படித்ததில்லை. படித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கூட்டம் போட வேண்டும்.

*

வரவேற்பறையில் மாதிரி முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. டைரியைப் பார்த்து வாரியம் செய்த ஆள்; கோதண்டத்தைப்போலவே இருந்தது. தலை மட்டும் ஒழுங்காக வாரியிருந்தது. மடியில் அவருடைய டிபன் டப்பா.

“அது என்னோடதுங்க,” என்றார் கோதண்டம்.

“ஆமாங்க.”

“திறந்திருக்கே.”

“பசிச்சா மணி பார்க்காமப் பிரிச்சிடுவாரு. வட்டம் அறுபத்தி மூணு.”

“என்ன இருந்துச்சு?”

“தக்காளி சாதம். உருளைக்கிழங்கு.”

“எனக்கு ஒரு வாய்கூட வைக்கலையா?”

“அப்படி ஒரு அம்பு இல்லீங்களே,” என்றது மாதிரி. உண்மையாகவே வருத்தப்பட்டது.

அவர்களுக்கு மேலே சுவரில், தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் இயக்குநரின் மாதிரி மாட்டியிருந்தது. முனைவர் சர்வோத்தமனின் மாதிரியில் ஒரே ஒரு வட்டம். அதிலிருந்து ஓர் அம்பு கிளம்பி அதே வட்டத்துக்குத் திரும்பியது. அம்பின் மேல் ‘யார் எதைச் செய்தாலும்: பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தது. இயக்குநரை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை என்பதால் அவரே வரைந்துகொண்டது. ஒன்பது வருடமாக அவர் ஒரு சோதனையிலும் தவறியதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

வாரியத்தில் நடைபாதைகள் மாதிரிக்குத் தக்கபடி நீளும். இயக்குநர் வாசலில் செருப்பைக் கழற்றினால் அடுத்த அடி அவர் நாற்காலியில் விழும். கோதண்டம் சோதனை அறைக்கு நடந்தார். ஜன்னலில் முதலில் கிண்டி தெரிந்தது. பிறகு சைதாப்பேட்டை. பிறகு மறுபடியும் கிண்டி, ஆனால் மழை பெய்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது மாதிரி வரவேற்பறையில் விரலை நக்கிக்கொண்டிருப்பது பக்கத்திலேயே தெரிந்தது.

சோதிக்கிறவர் பிலோமினா. ரயில்வே கேட் பிரிவில் பதினைந்து வருடம். அறைக்குள் நுழையும்போதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நுழைவார்.

“உக்காருங்க கோதண்டம் சார். பயப்படாதீங்க.”

“பயம் எல்லாம் ஒண்ணுமில்ல மேடம்.”

“‘பயமான்னு கேட்டா இல்லம்பாரு, வலது கால் ஆடும்.’ ஆடுது. சரி.” அவர் டைரியில் ஒரு டிக் போட்டார். “ஆரம்பிச்சிட்டோம் சார்.”

பிலோமினா ஒரு பேனாவை நீட்டி அது எழுதவில்லை என்றார். கோதண்டம் வாங்கி உதறி, தன் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, “எழுதுதே,” என்றார். சரி.

மின்விசிறியை நிறுத்தினார். கோதண்டம் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சரி.

“உங்க மச்சான் புதுசா கார் வாங்கியிருக்காராம் சார்.”

“மைலேஜ் எவ்ளோ குடுக்குதாம்?”

பிலோமினா டைரியால் வாயை மறைத்துக்கொண்டார். “ஒரு எழுத்துகூட மாறல சார். அப்படியே இருக்கு.”

கோதண்டத்துக்கு அது பாராட்டாகப் படவில்லை. யாரோ தன் சட்டைப்பைக்குள் கைவிட்டு, உள்ளே இருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பி வைத்ததுபோல இருந்தது. எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றார். அதற்கும் டிக் விழுந்தது. உட்கார்ந்தார். அதற்கும்.

இருநூற்று ஆறு வட்டங்கள் இப்படிப் போயின. இருநூற்று ஏழாவதில் பிலோமினா டைரியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலக் கேட்டார்:

“நான் சொல்றது காதுல விழுதா?”

கோதண்டத்துக்குப் பதில் தெரியும். ‘விழுது.’ ஆனால் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவர் முதலில், என்ன சொன்னார்கள் என்று பின்னால் போய்த் தேடிவிட்டுத்தான் வருவார். போனார். மச்சானின் கார். மின்விசிறி. பேனா. தக்காளி சாதம். அங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். நாக்கு மேல் பல்லைத் தொட்டது.

ஸ்டாப் வாட்ச் க்ளிக் என்றது.

“மௌனம்,” என்றார் பிலோமினா.

“விழுது! விழுது மேடம்! வந்துக்கிட்டே இருந்துச்சு!”

“எட்டு ஆயிடுச்சு சார்.”

“இன்னும் ரெண்டே வினாடி...”

“நான் என்ன சார் பண்றது. விதி உங்களுது.”

அவர் டைரியில் முதல்முறையாகச் சிவப்பு மையால் எழுதினார். கோதண்டம் அதைத் தலைகீழாகப் படித்தார். தவறு என்பது தலைகீழாகவும் தவறாகவே இருந்தது.

ஒரு தவறு வந்தால் போதும், மொத்தமும் தவறு. ஆனால் தவறை இன்னொரு முறை செய்துபார்த்து உறுதி செய்ய வேண்டும். மறுசோதனை மாலை நான்கு மணிக்கு என்று முடிவாயிற்று. நடுவில் வாரியத்தின் ஆண்டு விழா இருந்தது.

“அதுக்குள்ள நான் அந்த டைரியைப் பார்க்கணும் மேடம்.”

“தாராளமா. இருப்புச் சான்று குடுங்க.”

“அப்படின்னா?”

“நீங்க இருக்கீங்கன்னு ஒரு சான்று.”

“இதோ இருக்கேனே.”

“அது எனக்குத் தெரியுது சார். ஃபைலுக்குத் தெரிய வேணாமா? உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

கட்டடத்தில் அவரை நல்லாத் தெரிந்த ஒருவர் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கோதண்டம் நாற்பது நிமிடம் நடந்து போய்ப் படிவத்தை நீட்டினார். மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தது. ‘இருக்கிறார். சற்று ஏறுமாறாக’ என்று எழுதி, அவருடைய கையெழுத்தையே போட்டது. அவர் போடுவதைவிட நன்றாக வந்தது.

“சாயங்காலம் எந்த பஸ்ல போவீங்க?” என்று கேட்டார் கோதண்டம். கேட்டிருக்க வேண்டாம்.

“அஞ்சு அம்பதுக்கு ஒண்ணு இருக்கு. ஜன்னல் ஓரமா உக்காருவேன். வழியில ரெண்டு முழம் பூ வாங்கிட்டுப் போகணும்.”

“நான் பூ வாங்கிட்டுப் போறதில்லையே.”

“ரெண்டு தடவை வாங்கியிருக்கீங்க. அவங்க விடல, எழுதிட்டாங்க.”

*

கோதண்டம் படிக்கட்டில் உட்கார்ந்து டைரியைப் பிரித்தார்.

‘கரண்ட் போனால் பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். போயிருந்தால் நிம்மதியாகிவிடுவார். வட்டம் நூற்று நாற்பது.’

‘எனக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை வேண்டிய அளவுக்கு மேல் உதறுவார். பயம். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். வட்டம் முந்நூற்று இரண்டு.’

‘நான் சொல்வது காதில் விழுகிறதா என்றால் விழுது என்பார். கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் சொல்லிவிடுவார். வட்டம் இருநூற்று ஏழு.’

கொஞ்ச நேரம் என்பதற்கு வாரியத்தில் அளவு கிடையாது. கோதண்டம் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தார். பிறகு தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லிப் பார்த்தார். ஒன்பது வினாடி. இன்னொரு முறை. பதினொன்று. அவசரப்பட்டால் பதின்மூன்று ஆயிற்று.

விதியை மாற்றும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான். கோதண்டம் அவர் அறைக்கு ஓடினார். இயக்குநர் பட்டு வேட்டியில், கண்ணாடிக்கு முன்னால் நின்று, பொன்னாடை வந்தால் எந்தத் தோளில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, எட்டு வினாடியைப் பதினஞ்சாக்கணும்.”

“பார்க்கலாம்.”

“நாலு மணிக்குள்ள வேணும்யா.”

“பார்க்கலாம்.”

“இல்லேன்னா என் வீட்டுக்கு வேற ஒருத்தர் போயிடுவாரு. பூ எல்லாம் வாங்கிட்டுப் போறாரு.”

“பார்க்கலாம்,” என்றார் இயக்குநர், கனிவோடு.

“ஐயா, உங்க வேட்டியில தீப்பிடிச்சிருக்கு.”

“பார்க்கலாம்.”

வேட்டியில் தீப்பிடிக்கவில்லை. கோதண்டம் பழக்கதோஷத்தில் சோதித்துப் பார்த்தார். சரி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே வந்தபோதுதான் பதினான்காம் விதி நினைவுக்கு வந்தது. அதுவும் அவர் எழுதியதே. பெரிய கம்பெனிகள் கேட்டுக்கொண்டதால் எழுதியது. மாதிரி சொல்லாத ஒன்றை இயந்திரத்துக்குச் செய்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த இயந்திரம் எதைச் செய்தாலும் தவறு என்று எழுத முடியாது. மாதிரி வாயைத் திறக்காத இடத்தில் சோதகரும் திறக்கக் கூடாது.

அப்படியானால் தவமணி எழுதாத ஒன்று வேண்டும். யாரும் அவருக்கு இதுவரை செய்யாத ஒன்று. அதை நான்கு மணிக்குள் யாராவது செய்துவிட்டால் போதும்.

அவர் வட்டம் வட்டமாகத் தேடினார். திட்டினால் என்ன செய்வார் என்பது பதினேழு இடத்தில் இருந்தது. மாடு முட்டினால், இருந்தது. பர்ஸைத் திருடினால், திருடியவன் திருப்பிக் கொடுத்தால், இரண்டும் இருந்தன. கழுத்தில் மாலை போட்டால், ‘அரிக்குது’ என்பார். அது முதல் வட்டம். யாராவது அழுதால், மணி பார்ப்பார். யாரும் பார்க்காதபோது திரும்பி வந்து தண்ணீர் கொடுப்பார். அதைக்கூட அவள் பார்த்திருந்தாள்.

கடைசிப் பக்கம் வரை போய்விட்டார். கைதட்டல் இல்லை.

கோதண்டத்துக்கு நாற்பத்தொன்பது வயது. கைதட்டலை அவர் மறுபடியும் தேடினார். தவமணி எதையும் விடுகிறவள் இல்லை. அவள் எழுதவில்லை என்றால் அது நடக்கவில்லை.

*

விழா மண்டபம் நிரம்பியிருந்தது. குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் இயக்குநரே ஏற்றினார். இணக்கச் செம்மல் விருது பத்தாவது முறையாக இயக்குநருக்கு அறிவிக்கப்பட்டது. பொன்னாடை போர்த்தத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை என்பதால் அவரே எடுத்துத் தனக்குப் போர்த்திக்கொண்டார். பிறகு ஏற்புரை ஆற்றினார்.

“பார்க்கலாம்,” என்றார்.

கூட்டம் அமைதியாயிற்று.

“பார்க்கலாம். பார்க்கலாம்.”

ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார். முதல் பார்க்கலாம் அடக்கமாக இருந்தது. நாற்பதாவது அறைகூவலாக இருந்தது. எழுபதாவது சொல்லும்போது தன் பெற்றோரை நினைத்துக் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் குறிப்பு எடுத்தார்கள். போன வருட உரையைவிட இதில் ஆழம் அதிகம் என்று ஒருவர் இன்னொருவரிடம் கிசுகிசுத்தார். யாரும் கைதட்டவில்லை. கைதட்டல் நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்தது, நன்றியுரைக்கு முன்.

கோதண்டம் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் இருப்புக் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதனுக்கு எதற்காகவெல்லாம் கைதட்டுவார்கள் என்று யோசித்தார். பாடத் தெரியாது. கவிதை வராது. மயங்கி விழலாம், ஆனால் அது தொண்ணூற்று ஒன்றாவது வட்டத்தில் இருந்தது. அதற்கு யாரும் கைதட்டவும் மாட்டார்கள். சோடா வாங்கி வருவார்கள்.

மாதிரி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டது. “அஞ்சு அம்பது பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறு இருபதுதாங்க,” என்றது அவர் காதில்.

அப்போது மைக் ஊளையிட்டது.

இயக்குநர் இன்னொரு பார்க்கலாம் சொன்னார். ஊளை கூரையில் மோதித் திரும்பியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கோதண்டத்தின் கால்கள் தாமாக எழுந்தன. எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவார் என்பது எண்பத்தெட்டாவது வட்டம். அவர் மேடை ஓரத்துக்குப் போனார். குனிந்தார். வயரைப் பிடுங்கினார்.

ஊளை நின்றது. இயக்குநரின் குரலும் நின்றது. மேடையில் அவர் வாய் மட்டும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று அசைந்துகொண்டிருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு மண்டபத்தில் முதல்முறையாக மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் கேட்டது.

கோதண்டம் வயரைத் திரும்பச் சொருகப் போனார்.

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு அந்த வரிசை. பிறகு மண்டபம். தட்டியவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். குறிப்பு எடுத்தவர்கள் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு தட்டினார்கள். பிலோமினா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தட்டினார். தன்னுடைய உரைக்குத்தான் என்று இயக்குநரும் கும்பிட்டார். ஆனால் எல்லோரும் கோதண்டத்தைத்தான் பார்த்தார்கள். அவர் கையில் வயரோடு நின்றார்.

பதினோரு நிமிடம் தட்டினார்கள். மாதிரியும் தட்ட எழுந்தது. பாதியில் அப்படியே நின்றுவிட்டது. முட்டி மடங்கியபடி, இரண்டு கையும் ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி.

*

நான்கு மணிக்குப் பிலோமினா கேட்டார்: “நான் சொல்றது காதுல விழுதா?”

“விழுது!” என்றார் கோதண்டம். அரை வினாடி.

பிலோமினா டைரியைப் புரட்டினார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். மூடினார்.

“சரின்னு சொல்ல முடியாது சார். தப்புன்னும் சொல்ல முடியாது. கை தட்டினதுக்கப்புறம் உங்களைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல. இனிமே நீங்க நினைச்சாலும் தப்பு பண்ண முடியாது.”

கோதண்டம் மூச்சு விட்டார். “அப்ப நான் வீட்டுக்குக் கிளம்பலாம்.”

“வீட்டுக்குப் போறது வட்டம் முந்நூத்தித் தொண்ணூறு சார். நீங்க நிக்கற இடத்துலேர்ந்து அங்க போறதுக்கு அம்பு கிடையாது.”

“அப்ப மாதிரி போயிடுமா?”

“அதுக்கும் கிடையாது. அது எழுதினதுக்கு மேல ஒரு அடி வைக்காது.”

“அப்ப யாருதான் மேடம் போவாங்க?”

பிலோமினா ஸ்டாப் வாட்ச்சைப் பைக்குள் போட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். ரயில் எதுவும் வரவில்லை. கதவைத் தாண்டிப் போய்விட்டார். கோதண்டம் பின்னாலேயே ஓடிக் கதவைத் திறந்தார்.

நடைபாதை இருந்தது. ஜன்னல்கள் இல்லை. கிண்டி இல்லை. தரை வெள்ளையாக இருந்தது. சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. டைரியின் எழுதாத பக்கம்போல லேசாகக் கோடு மட்டும் போட்டிருந்தது.

அவர் நடந்தார். நின்றார். அதில் ஒன்றும் தவறில்லை. உட்கார்ந்தார். படுத்தார். ஒரு செருப்பைக் கழற்றித் தூக்கி எறிந்தார். அது விழுகிற சத்தம் வரவில்லை. பாடிப் பார்த்தார். சுருதி சேரவில்லை, ஆனால் அதையும் தவறு என்று சொல்ல ஆள் இல்லை. இயக்குநரை வாய்க்கு வந்தபடி திட்டினார். சரியும் இல்லை, தவறும் இல்லை. இப்படி ஒரு சௌகரியம் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நடந்தாலும் நடந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது கதவு இல்லை. பாதி எழுந்தபடி உறைந்துபோயிருந்த அவருடைய மாதிரி மட்டும் வெள்ளைத் தரையில் நின்றது. பாவமாக இருந்தது. கோதண்டம் அதன் கைகளை இறக்கிவிடப் பார்த்தார். இறங்கவில்லை.

கைபேசி அடித்தது.

“என்னங்க,” என்றாள் தவமணி. “மணி ஆறு ஆகப்போவுது. வரீங்களா, இல்ல அவர் வராரா?”

கோதண்டம் நடந்ததைச் சொன்னார். மைக், வயர், மண்டபம், மாதிரி.

“கை தட்டினாங்களா? உங்களுக்கா?”

“எழுந்து நின்னு தட்டினாங்க.”

தவமணி சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, “ஐயய்யோ, அதை நான் எழுதலையே,” என்றாள்.

“இங்க ஒண்ணுமே இல்ல தவமணி. கீழ தரைகூட சரியா இல்ல.”

“இருங்க. அங்கயே இருங்க. பென்சில் எடுத்துட்டு வரேன்.”

டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. மாத்திரை டப்பாவின் மூடி உருண்டு விழுந்து, அவள் குனிந்து எடுக்கும் சத்தம் கேட்டது.

“டைரி இங்க ஆபீஸ்லதானே இருக்கு,” என்றார் கோதண்டம்.

“காலண்டர் பின்னாடி எழுதிக்கறேன். நானூத்திப் பதிமூணு. சொல்லுங்க. கை தட்டினப்ப என்ன பண்ணீங்க?”

கோதண்டம் பின்னால் போய்த் தேடினார். வயர் கையில் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். எட்டு வினாடி ஆயிற்று. எங்கோ வெகு தூரத்தில் ஒரு க்ளிக் கேட்டது. அவருக்கு வியர்த்தது. பத்து ஆயிற்று. பன்னிரண்டு. மறுமுனையில் குக்கர் அடுப்பில் ஏறாமல் இருப்பதுகூடக் கேட்டது. தவமணி அவசரப்படுத்தவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பதினேழு. பதினெட்டு.

“காதுக்குப் பின்னால சொறிஞ்சேன்,” என்றார்.

“ம். இடது காதா?”

“இடதுதான்.”

“அதானே.” பென்சில் ஓடியது.

வெள்ளைத் தரையில், அவர் காலுக்குக் கீழே, மாத்திரை டப்பா மூடியின் வடிவத்தில் ஒரு வட்டம் வந்தது. ஒரு காலுக்குத்தான் இடம் இருந்தது. செருப்பில்லாத காலை அதில் வைத்தார். தரை கெட்டியாக இருந்தது.

“இப்ப எங்க நிக்கறீங்க?”

“வட்டத்துல.”

“அங்கேர்ந்து ஒரு அம்பு போடறேன். கோணலா வருது, பரவால்லயா?”

“கோணலாவே போடு.”

அம்பு கோணலாகப் போயிற்று. அதன் முனையில் ஒரு லிஃப்ட் நின்றது. கதவு திறந்திருந்தது. கோதண்டம் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நெற்றியில் அவருடைய கையெழுத்தில் சிவப்பு மையால் ‘தவறு’ என்று இருந்தது. அது யாருக்காகவோ கதவை மூடாமல் காத்திருந்தது.

அவர் ஓடவில்லை. அவசரம் இல்லாததுபோல நடந்து போனார். லிஃப்ட் மூடவில்லை. உள்ளே ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாதிரி அதே இடத்தில், கைகளை ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி, முட்டி மடங்க நின்றது. தலை இன்னும் ஒழுங்காக வாரியிருந்தது. அதன் கண் மட்டும் லிஃப்டையே பார்த்தது. இரண்டு முழம் பூவுக்கான சில்லறை அதன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“ஏறிட்டீங்களா?” என்றாள் தவமணி.

“ஒரு கால்.”

“அரிசி களையணும். ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கா?”

கோதண்டம் யோசித்தார். எட்டு வினாடி போயிற்று. தவமணி காத்திருந்தாள். லிஃப்டும் காத்திருந்தது.